கல்யாண மேசையில் நான் சொன்ன கதை

முதல்லேயே சொல்லிடறேன், எனக்கு எழுத வராது. தோட்டப் பள்ளிக்கூடத்திலே ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சேன். அப்புறம் ரப்பர் மரத்திலே பால்வெட்டு, அப்புறம் பெக்டரி. எழுபது வயசு ஆச்சு. கையெழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். முன்னாலே சொல்ல வேண்டியதைப் பின்னாலே சொல்வேன், சொன்னதையே திரும்பச் சொல்வேன், பேர் மறந்துடும். படிக்கிறவங்க பொறுத்துக்கணும். மகள்தான் எழுத்துப் பிழை பார்த்துப் பேப்பருக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கா. பிழையைத் திருத்து, சொன்னதை மாத்தாதேன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

இது நடந்தது இந்த வருஷம், தெப்ராவ் பக்கம் ஒரு டேவான்லே, அதான் கல்யாண மண்டபத்திலே, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். கல்யாண விருந்து. இப்பல்லாம் வாழை இலைப் பந்தி எங்கே இருக்கு? பத்துப் பேர் உக்கார்ற வட்ட மேசை. யார் பக்கத்திலே யார் உக்கார்றாங்கன்னு தெரியாது, எடம் இருந்தா உக்கார வேண்டியதுதான். மகள் பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஒத்தாசையா உள்ளே போயிட்டா. நான் ஒரு ஓரமா உக்காந்திருந்தேன்.

நான் ஆள் கூடற இடத்திலே வாயைத் திறக்கறவ இல்லே. சின்ன வயசிலே இருந்தே அப்படித்தான். யாராவது கேட்டா ஒரு வார்த்தை சொல்வேன், அதுக்கே மூஞ்சி சூடாகிடும். அன்னிக்கு அதிர்ஷ்டமா என் பழைய பெக்டரிக் கூட்டாளி வந்து பக்கத்திலே உக்காந்தா. நான் பெர்மாஸ் ஜெயாவிலே மகளோட இருக்கேன், அவ கெலாங் பாத்தாவிலே மகனோட இருக்கா. போன்லே பேசறதோட சரி, நேர்லே பார்த்து ரெண்டு வருஷம் இருக்கும். அவளைப் பார்த்ததிலே எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. அந்தத் தெம்புதான் அன்னிக்கு என்னைக் கெடுத்துச்சுன்னு நினைக்கிறேன்.

மேசையிலே ஒரு இளம் ஜோடி இருந்தாங்க. இன்னொரு பக்கம் ஐம்பத்தஞ்சு, அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருத்தரும் அவர் சம்சாரமும். அவர் காப்பிக் கலர் பாத்தேக் சட்டை போட்டு, பேசாம குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். அந்த அம்மா அப்படியே எதிர். சிரிச்ச முகம். இறால் சம்பலை அவங்களே எடுத்து, "சாப்பிடுங்கக்கா, வெக்கப்படாதீங்க"ன்னு என் தட்டிலே வச்சாங்க. மத்தவங்களை எனக்கு ஞாபகம் இல்லே.

அந்த இளம் பொண்ணு சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்யறவ. நாலு மணிக்கு எழுந்து கம்பெனி பஸ் பிடிக்கணுமாம். பேச்சுவாக்கிலே சொன்னா: "போன வாரம் பஸ்ஸை விட்டுட்டேன் ஆன்ட்டி. இவரு மோட்டார் சைக்கிள்லே துரத்திக்கிட்டு வந்து அடுத்த ஸ்டாப்லே ஏத்தி விட்டாரு. அலமாக், பஸ்ஸிலே எல்லாரும் கை தட்டறாங்க. எனக்கு மானமே போச்சு லா."

என் கூட்டாளி முழங்கையாலே என்னை இடிச்சா. "இவகிட்ட இதே மாதிரி ஒரு கதை இருக்கு. சொல்லச் சொல்லுங்க"ன்னா.

நான் என்ன கதை சொன்னேன்னு எழுதறதுக்கு முன்னாலே, நடந்தது என்னன்னு சொல்லிடணும். கதை வேற, நடந்தது வேற.

முப்பது வருஷத்துக்கு மேலே இருக்கும். நானும் இவளும் ஒரே பெக்டரியிலே வேலை. ரேடியோவுக்குள்ளே வைக்கிற சின்னச் சின்ன சாமானை எல்லாம் தகட்டிலே வச்சு ஒட்டற வேலை. விடியறதுக்கு முன்னாலே பெக்டரி பஸ் தோட்டத்து வாசலுக்கு வரும். முதல்லே எங்க தோட்டம், அடுத்து இன்னொரு தோட்டம், அப்புறம் பெரிய ரோடு. அந்த ரெண்டாவது தோட்டத்திலே ஒரு பொண்ணு ஏறும். பத்தொன்பது, இருபது வயசு. நல்ல பொண்ணு, ஆனா தினமும் லேட்டு. டிரைவர் மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக்னு கூப்பிடுவோம். ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சுக் காத்துக்கிட்டு இருப்பார். அது ஓடி வரும், ஒரு கையிலே செருப்பு, ஒரு கையிலே சீப்பு. பஸ் லேட்டானா எங்க எல்லார் பஞ்ச் கார்டுலேயும் சிவப்பு விழும். அதனாலே கொஞ்சம் பேர் முணுமுணுப்பாங்க. அது உள்ளே வந்து ஏதாவது ஒண்ணு சொல்லும், முணுமுணுத்தவங்களே சிரிச்சிடுவாங்க.

அந்த வாரம் பாக்சிக்குக்கு ஆபீஸிலே இருந்து ஏச்சு விழுந்திருந்தது. அன்னிக்கு மழை வேற. ரெண்டு ஹார்ன் அடிச்சார், ஆள் வரலே, பஸ்ஸை எடுத்துட்டார். நாங்களும் ஒண்ணும் சொல்லலே.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலே ஒரு மோட்டார் லைட்டு. விடாம ஹார்ன் அடிச்சுக்கிட்டு வருது. ஓட்டறது அதோட அண்ணன்காரன், இருட்டிலே மூஞ்சி தெரியலே. பின்னாலே அந்தப் பொண்ணு ஒரு கையை ஆட்டிக்கிட்டே உக்காந்திருக்கு. பஸ்ஸுக்குள்ளேயிருந்து யாரோ சத்தம் போட்டு நிறுத்தச் சொன்னாங்க. பஸ் நின்னுச்சு. பொண்ணு ஏறிச்சு. எல்லாரும் கை தட்டினோம். மோட்டார் திரும்பிப் போயிடுச்சு.

அதுக்கப்புறம் கால் மணி நேரம்கூட இருக்காது. பாலத்துக்குக் கிட்டே எதிரே வந்த மரக்கட்டை லோரி ஈரத்திலே சறுக்கிச்சு. எங்க பஸ் ஒதுங்கப் போய், ரோட்டை விட்டு எறங்கி, ஆத்திலே மூக்கு குத்தி நின்னுச்சு. முன்பக்கம் முழுசும் தண்ணிக்குள்ளே. நான் கடைசி சீட்டு. கண்ணாடியை உடைச்சு வெளியே வந்தோம். என் கூட்டாளி நடுவிலே இருந்தா, பக்கத்துக் கம்பத்து, அதான் கிராமத்து, மலாய்க்காரங்க அவளை ஜன்னல் வழியா இழுத்தாங்க. முன்னாலே இருந்தவங்கள்லே பல பேர் வரலே. பாக்சிக் வரலே. அந்தப் பொண்ணும் வரலே. எனக்குத் தோள் எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியிலே கிடந்ததாலே ஒரு சாவுக்கும் போக முடியலே. அந்தப் பொண்ணு வீட்டாளுங்களை நான் பார்த்ததே இல்லே.

இதுதான் நடந்தது.

பல வருஷம் நாங்க இதைப் பத்திப் பேசலே. நானும், இந்தக் கூட்டாளியும், அதே பஸ்ஸிலே பொழைச்ச இன்னொருத்தியும். அவ இப்ப இல்லே, சீக்கிலே போயிட்டா. தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு போவோம், முறுக்கு தின்போம், பிள்ளைகளைப் பத்திப் பேசுவோம். பேச்சு பஸ் பக்கம் போச்சுன்னா எழுந்து தேத்தண்ணி போடப் போயிடுவோம். பத்து வருஷம் கழிச்சு ஒரு தீபாவளிக்கு, அந்த மூணாவது ஆள்தான் திடீர்னு சொன்னா: "எல்லாரையும் எமன் தேடிக்கிட்டு வருவான். அவ ஒருத்திதான் எமனைத் துரத்திப் பிடிச்சு, நிறுத்தி ஏறினவ."

அப்புறம் சிரிச்சோம் பாருங்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, தரையிலே உக்காந்து சிரிச்சோம். அழுகையும் வந்துச்சு. பாவம்னு தெரியும். ஆனா அன்னிக்குத்தான் பத்து வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பொண்ணு பேரை வாயாலே சொன்னோம். அது சிரிக்க வைக்கிற பொண்ணு, அதுக்கு இது பிடிக்கும்னுகூட ஒருத்தி சொன்னா. அது நிஜமா, நாங்களா சொல்லிக்கிட்டதா, எனக்குத் தெரியலே.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கதை வரும். வர வரக் கதை வளர்ந்துச்சு. மோட்டார்லே வந்த அண்ணன்காரனுக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட் வந்துச்சு. காத்து பூந்து பலூன் மாதிரி ஊதின ரெயின்கோட் வந்துச்சு. பாக்சிக் அவனைப் போலீஸ்னு பயந்து நிறுத்தினார்னு ஒரு கட்டம் வந்துச்சு. "எமனுக்கு எருமை மாடு, இவளுக்கு மந்திரி மாதிரி முன்னாலே பைலட் மோட்டார்"னு ஒண்ணு நானே சேர்த்தேன். வருஷம் போகப் போக எங்களுக்கு அழுகை குறைஞ்சு சிரிப்பு மட்டும் நின்னுச்சு. இத்தனை வருஷம் ஆச்சே, இனிமே யாருக்கு என்னன்னு மனசு நினைச்சிடுச்சு.

அந்தக் கதையைத்தான் நான் கல்யாண மேசையிலே சொன்னேன்.

எப்படித்தான் தைரியம் வந்துச்சோ. முதல் ரெண்டு வார்த்தை தடுமாறிச்சு. சீப்பையும் செருப்பையும் சொன்னதும் அந்த இளம் பொண்ணு சிரிச்சுச்சு. அப்புறம் எனக்கு வேகம் வந்துடுச்சு. கையை ஆட்டி ஆட்டி ரெயின்கோட் ஊதினதைக் காட்டினேன். மேசை முழுக்க என்னையே பார்க்குது. என் வயசுக்கு அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லே. அந்தப் பஸ் ஆத்திலே விழுந்ததை ஒரே வார்த்தையிலே சொல்லிட்டு, எமன் வரியைச் சொல்லி முடிச்சேன். சிரிச்சாங்க. கொஞ்சம் தயங்கி, பிறகு சிரிச்சாங்க. எனக்கு உள்ளுக்குள்ளே அவ்வளவு சந்தோஷம். அதை எழுதறதுக்கு இப்ப வெக்கமா இருக்கு, ஆனா உண்மை.

எல்லாரையும் விட அதிகமாச் சிரிச்சது அந்த இறால் சம்பல் வச்ச அம்மா. டிஷ்யூவாலே கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அந்த அண்ணன்காரன் பாவம். மெனக்கெட்டுக் கொண்டுபோய் ஏத்தி விட்டிருக்கான் பாருங்க"ன்னு புருஷன் கையைத் தட்டினாங்க.

அவர் கரண்டியைக் கீழே வச்சார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். சத்தமே இல்லே.

"அன்னிக்கு நான் ரெயின்கோட் போடலேக்கா. அதை அவளுக்குக் குடுத்துட்டேன்."

எனக்கு உடனே விளங்கலே. அந்த அம்மாவுக்கும் விளங்கலே. சிரிப்பு வாயிலேயே இருக்கு, அப்படியே திரும்பி அவரைப் பார்க்கிறாங்க. அவர் நாற்காலியைச் சத்தம் வராம தள்ளி வச்சுட்டு எழுந்து வெளியே போயிட்டார். அந்த அம்மா மேசையைப் பார்த்து, யார்கிட்டன்னு இல்லாம சொன்னாங்க: "அவர் தங்கச்சி பஸ் ஆக்சிடென்ட்லே போச்சுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். இது தெரியாது. நான் சிரிச்சிட்டேனே."

பலகாரம் கொண்டு வந்து வச்சாங்க. ஒருத்தரும் தொடலே.

என் கூட்டாளி போகாதேன்னு கையைப் பிடிச்சா. எனக்கு அங்கே உக்கார முடியலே. எழுந்து போனேன். மனுசங்க முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவ, இந்த மாதிரி ஒரு காரியம் பண்ணிட்டு அந்த மனுசன் முன்னாலே போய் நிக்கணும். திரும்பி மகளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாமான்னு வாசல்லே நின்னு யோசிச்சேன், அதுவும் உண்மை.

அவர் மோட்டார் நிறுத்தற தகரக் கொட்டகைக்குக் கீழே நின்னார். நான் பக்கத்திலே போய் நின்னேன். மன்னிச்சிடுங்க தம்பின்னு சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்னு சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் அவரே பேசினார். அன்னிக்கு அவருக்கு லோரி லைசென்ஸ் டெஸ்ட்டாம். பஸ்ஸை விட்டுட்டுத் தங்கச்சி ரோட்டோரத்திலே நின்னு அழுதுச்சாம். டெஸ்டுக்கு நேரமாகுதேன்னு கோபத்தோட ஏத்திக்கிட்டு வந்திருக்கார். வழி முழுக்கத் திட்டு. "இனிமே உன்னாலே ஒரு நாளும் எனக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னு சொன்னேன்கா. வரலே." அவ்வளவுதான் சொன்னார்.

அவரோட அம்மா விடியறதுக்கு முன்னாலேயே பால்வெட்டுக்குப் போயிட்டாங்களாம். மகள் வழக்கம்போல பஸ் ஏறிச்சுன்னே நம்பிட்டாங்க. இவர் மோட்டார்லே கொண்டுபோய் ஏத்தினது யாருக்கும் தெரியாது. அம்மா சாகற வரைக்கும் சொல்லலே. கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்லலே. பஸ்ஸிலே அதைப் பார்த்தவங்க உயிரோட இருப்பாங்க, அவங்க அதைப் பேசுவாங்கங்கிறதே அவருக்குத் தோணலியாம். "நீங்க சொல்றப்ப எனக்கு முதல்லே சந்தோஷமாத்தான்கா இருந்துச்சு. சீப்பு செருப்புன்னதும் எங்க தங்கச்சின்னு தெரிஞ்சிடுச்சு. அவளைப் பத்தி வேத்தாளு பேசிக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு. அப்புறம் நான் வந்தேன், மஞ்சள் ஹெல்மெட்டோட."

அப்பத்தான் இதைச் சொன்னேன். என் பிள்ளைகள்கிட்டகூட சொல்லாததை.

பஸ்ஸுக்குள்ளேயிருந்து யாரோ சத்தம் போட்டு நிறுத்தச் சொன்னாங்கன்னு மேலே எழுதினேன் இல்லையா. அந்த யாரோ நான்தான். கடைசி சீட்டிலே உக்காந்திருந்ததாலே மோட்டாரை முதல்லே பார்த்தது நான். மழைச் சத்தத்திலே பாக்சிக்குக்கு ஹார்ன் கேக்கலே. அவர் பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தார். பேசவே பேசாத நான், அன்னிக்கு எழுந்து நின்னு "பாக்சிக், துங்கு, துங்கு"ன்னு பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். நில்லுங்க, நில்லுங்கன்னு அர்த்தம். நான் சும்மா இருந்திருந்தா பஸ் நின்னிருக்காது.

எங்க கதையிலே அந்தக் கட்டம் கிடையாது. பாக்சிக் போலீஸ்னு பயந்து நிறுத்தினதா நாங்க மாத்திட்டோம். என் கூட்டாளிங்களுக்கு அது நான்னு தெரியும், தெரிஞ்சே மாத்தினாங்க, எனக்காக. நானும் விட்டுட்டேன். வருஷம் ஆச்சு, அதனாலே சிரிக்க முடிஞ்சுதுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். தகரக் கொட்டகையிலே நிக்கிறப்பத்தான் தெரிஞ்சுது, என்னை வெளியே எடுத்துட்டு அந்த எடத்திலே அவரை வச்சதாலேதான் எனக்குச் சிரிக்க முடிஞ்சுது.

நான் சொல்லி முடிச்சதும் அவர் என்னைத் திட்டுவார்னு நினைச்சேன். திட்டினாலும் வாங்கிக்கலாம்னுதான் நின்னேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "நீங்க கத்தலேன்னா நான் இன்னொரு மைல் துரத்தியிருப்பேன்கா. விட்டிருக்க மாட்டேன். அன்னிக்கு எனக்கு அவ்வளவு கோபம்."

அதை அவர் எனக்கு ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது தெரியும்.

அப்புறம் ஒண்ணு கேட்டார். எறங்கினப்ப அவ அவர் முகத்தைப் பார்க்கலியாம். அழுதுகிட்டேயா உள்ளே வந்தான்னு கேட்டார். இத்தனை வருஷம் அவருக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதைக் கேக்க ஆள் இல்லாம இருந்திருக்கு.

இல்லே தம்பி, சிரிச்சுக்கிட்டுத்தான் வந்துச்சுன்னு சொன்னேன். நாங்க கை தட்டினதும் குனிஞ்சு கும்பிடு போட்டுச்சு. அப்புறம் நேரா பின்னாலே என்கிட்ட வந்து, நனைஞ்ச பையை என் மடியிலே போட்டுட்டு, காதுகிட்டே சொல்லிச்சு: "எங்கண்ணன் வழி முழுக்கத் திட்டுக்கா. காத்திலே பாதி கேக்கலே. கேட்டதிலே பாதி மறந்துட்டேன்." சொல்லிட்டு முன்னாலே அதுக்குக் கூட்டாளி பிடிச்சு வச்சிருந்த எடத்துக்குப் போயிடுச்சுன்னு சொன்னேன்.

அவர் வாயைக் கையாலே பொத்திக்கிட்டார். சிரிக்கிறாரா அழறாரான்னு எனக்குத் தெரியலே. "அவதான். அப்படியே அவதான்"னு சொன்னார். அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து நின்னாங்க. என்னைப் பார்க்கலே. அவரைப் பார்த்து, "சாப்பாடு ஆறுது, வாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அவர் போனார். போறப்ப என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கிட்டார்.

இத்தோட நின்னிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போறப்ப என் கூட்டாளியும் எங்க காரிலேயே வந்தா. மகள் ஓட்டறா, நாங்க ரெண்டு பேரும் பின்னாலே. அவர்கிட்ட என்ன பேசினேன்னு சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே வந்தவ, கடைசியிலே என்னை ஒரு மாதிரியாப் பார்த்தா.

"அவ அன்னிக்குப் பின்னாலே வரவே இல்லியே. என் சீட்டுக்குப் பக்கத்திலே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அந்த ரெயின்கோட்லே இருந்து தண்ணி சொட்டி என் மடி எல்லாம் ஈரம். நான் திட்டினேன். இப்ப அவர் சொன்னதும்தான் ரெயின்கோட் ஞாபகம் வருது, ஆனா ஈரம் எனக்கு எப்பவும் ஞாபகம் இருக்கு."

எனக்கு ரெயின்கோட் ஞாபகமே இல்லே. அந்தப் பொண்ணு மேலே ரெயின்கோட்டைப் பார்த்த மாதிரியே இல்லே. அப்ப நான் பார்த்தது என்ன? அந்தப் பொண்ணு எத்தனையோ நாள் லேட்டா வந்திருக்கு. அண்ணன்காரன் கொண்டு வந்து விட்ட நாள் வேறேயும் இருந்திருக்கலாம். நனைஞ்ச பையை மடியிலே போட்டதும், காதிலே சொன்னதும் நிஜம். அந்தக் குரல் எனக்கு இப்பவும் கேக்குது. ஆனா அது அந்த நாள்தானா? இல்லே, அந்த மனுசன் முகத்தைப் பார்த்துட்டு, எந்த நாள் பேச்சையோ எடுத்து நான் அந்த நாள்லே வச்சுட்டேனா? மஞ்சள் ஹெல்மெட்டை வச்ச மாதிரி?

படுத்தா தூக்கம் இல்லே. மூணு வாரம் அப்படிப் போச்சு. அப்புறம் ஒரு நாள் காலையிலே அவர் சம்சாரம் போன் பண்ணினாங்க. அன்னிக்கு முகம் கொடுத்துப் பேசலே, தப்பா எடுத்துக்காதீங்கன்னாங்க. நான் எப்படித் தப்பா எடுக்கிறது?

"இப்ப தங்கச்சியைப் பத்திப் பேசறாருக்கா. சாப்பிடறப்ப பேசறாரு, காரிலே பேசறாரு. அவ படத்தைக் கடையிலே கழுவி, பெரிசாக்கி மாட்டியிருக்காரு. நான் ஏதாவது ஏசினா, காத்திலே பாதி கேக்கலே, கேட்டதிலே பாதி மறந்துட்டேன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்திலே அந்த மாதிரி சிரிச்சு நான் பார்த்ததில்லே."

நான் போனைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியிலே உக்காந்துட்டேன். பேசாம வச்சிருக்கலாம். வைக்க முடியலே. ஒரு தடவை ஒரு கட்டத்தை மறைச்சுத்தான் இத்தனையும் வந்துச்சு. அவர்கிட்ட போனைக் குடுங்கன்னு சொல்லி, எனக்குச் சந்தேகமா இருக்கு தம்பி, அது வேற நாளா இருக்கலாம், என் கூட்டாளி வேற மாதிரி சொல்றான்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். அப்புறம் சொன்னார்: "அவ அப்படிச் சொல்லக்கூடியவதான்கா. எந்த நாள் சொன்னாலும் அவ சொன்னதுதானே." அதோட நிறுத்தலே. "ஆனா தெரிஞ்சுக்கணும்போல இருக்கு. அந்தப் பஸ்ஸிலே இருந்தவங்க வேற யாராவது இருப்பாங்க. நீங்க பேப்பர்லே எழுதிப் போடுங்க. சிரிச்சதையும் சேர்த்து எழுதுங்க, மறைக்காதீங்க."

அவர் சொன்னதாலே எழுதறேன். துக்கத்தைப் பத்தி எத்தனை வருஷம் கழிச்சுச் சிரிக்கலாம்னு என்னைக் கேட்டா எனக்குத் தெரியாது. எங்க மூணு பேருக்கும் பத்து வருஷம் போதுமா இருந்துச்சு. அவருக்கு அந்தக் காலை விடிஞ்சு இன்னும் மத்தியானம்கூட ஆகலே. ஒரே சாவுதான், ஆளுக்கு ஒரு கடிகாரம் ஓடுது. அது தெரியாம ஒரு மேசை நிறைய ஆளுங்களைச் சிரிக்க வச்சு, அதிலே சந்தோஷமும் பட்டேன். ஆனா அந்தக் கதையை நான் சொல்லாம வாயை மூடிக்கிட்டு சாப்பிட்டுட்டு வந்திருந்தா, அவர் இன்னும் அந்தக் கேள்வியோடதான் இருப்பார். இதையும் நினைக்கிறேன். நினைச்சு, அதனாலே நான் செஞ்சது சரின்னு சொல்லிக்க மனசு வரலே.

படிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். தெப்ராவ் பக்கத்துப் பெக்டரிக்கு மழை நாள்லே போய், மரக்கட்டை லோரிக்கு ஒதுங்கி ஆத்திலே எறங்கின அந்தப் பஸ்ஸிலே நீங்க இருந்திருந்தா, இல்லே உங்க அம்மாவோ அக்காவோ இருந்திருந்தா, நான் எழுதினதைக் கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்க. மோட்டார்லே வந்து ஏறின பொண்ணு அன்னிக்குப் பின் சீட்டுக்கு வந்துச்சா, நடுவிலேயே கம்பியைப் பிடிச்சு நின்னுச்சா, சிரிச்சுக்கிட்டு வந்துச்சா, அழுதுகிட்டு வந்துச்சா. எதுவா இருந்தாலும் அப்படியே சொல்லுங்க, அதைக் கேட்டுக்க இந்தத் தடவை நானும் அந்தத் தம்பியுமா நாங்க ரெண்டு பேர் இருக்கோம்.